சில்லும் கல்லும் சொல்லித் தரும் பாடம்

மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு செயல்முறைக் கட்டுரை

நான் வரலாறு படித்தவன் அல்லன். பொறியியலில் டிப்ளமா முடித்து, இரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் சேர்ந்து, தண்டவாளத்தோடும் சரளைக்கல்லோடும் காலத்தைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு அருங்காட்சியகங்களுக்கும் பழைய கோயில்களுக்கும் போய்வருவது பழக்கமாயிற்று. போகப் போக ஒன்று விளங்கியது. தொல்லியல் என்பது பாதிக்கு மேல் அளப்பது, குறிப்பெழுதுவது, எண் இடுவது, வரைபடம் போடுவது. இவை எல்லாம் நாங்கள் பாதையோரத்தில் வெயிலில் நின்று செய்த வேலைகளே. ஆகவே இந்தத் துறையை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கைப்பழக்கமாகச் சொல்லித் தர முடியும் என்ற துணிவில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நம் பிள்ளைகள் அருங்காட்சியகத்துக்குப் போவது எப்படி என்று நமக்குத் தெரியும். பள்ளிக்கூடம் வரிசையாக அழைத்துப் போகும். "தொடாதே" என்ற பலகையைப் பத்து இடத்தில் படித்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் வெளியே வந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் பேருந்தில் ஏறுவார்கள். பொதுமக்கள் பார்க்கும் கூடத்தில் தொடக்கூடாது என்பது நியாயந்தான். ஆனால் அந்தக் கூடத்துக்குப் பின்னால் ஒரு சேமிப்பறை உண்டு. தொல்லியல் பயிலும் மாணவன் கற்பது அங்கேதான். பொருளைக் கையில் எடுப்பது, கழுவுவது, அளப்பது, பதிவேட்டில் ஏற்றுவது என்று படிப்படியாகப் போகும் அந்தப் பயிற்சியில், வீட்டிலும் தெருவிலும் செய்து பார்க்கக்கூடியவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

வரலாற்றுத் தொல்லியல் என்றால் என்ன?

எழுத்து தோன்றுவதற்கு முந்தைய காலத்தை ஆராய்வது ஒரு பிரிவு. கற்கருவி, எலும்பு, சாம்பல் ஆகியவற்றை வைத்துக்கொண்டே அங்கு எல்லாவற்றையும் ஊகிக்க வேண்டும். எழுத்து தோன்றிய பிந்தைய காலத்தை ஆராய்வது மற்றொரு பிரிவு. அதுவே வரலாற்றுத் தொல்லியல். மண்ணுக்குள் கிடைக்கும் பொருள் ஒரு சாட்சி. கல்லிலும் செப்பேட்டிலும் ஏட்டிலும் எழுதியிருப்பது இன்னொரு சாட்சி. இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வதே இதன் வேலை. அமெரிக்கா போன்ற நாடுகளில் ஐரோப்பியர் குடியேறிய பின்னுள்ள சில நூற்றாண்டுகளைத்தான் இந்தப் பெயரால் குறிப்பார்கள். நம் நாட்டிலோ அசோகர் காலத்துப் பாறை எழுத்துகளிலிருந்தும், கீழடி, கொடுமணல் பானை ஓடுகளில் கீறப்பட்ட தமிழி எழுத்துகளிலிருந்தும் இது தொடங்கிவிடுகிறது.

சாட்சிகள் இரண்டும் ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாவிட்டால் அங்கேதான் உண்மையான ஆராய்ச்சி தொடங்குகிறது.

அலமாரியில் தொடங்கிய அகழாய்வு

அருங்காட்சியகம் என்பது கண்டுபிடிப்புகள் வந்து ஓய்வெடுக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கிருந்தே கண்டுபிடிப்பு தொடங்கியதற்கு ஒரு கதை உண்டு.

1944ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக மார்ட்டிமர் வீலர் பொறுப்பேற்றார். போர்ப்படையிலிருந்து வந்த மனிதர், ஒழுங்கில் கண்டிப்பானவர். அவர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது, ஓர் அலமாரிக்குள்ளிருந்து நீண்ட கழுத்தும் கைப்பிடியும் உள்ள மண்சாடித் துண்டு ஒன்றை எடுத்தார். மத்தியதரைக்கடல் நாடுகளில் மதுவும் எண்ணெயும் அனுப்பப் பயன்பட்ட ஆம்போரா சாடியின் துண்டு அது என்று அவருடைய கண் உடனே கண்டுகொண்டது. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு என்று தெரியவந்தது. 1945இல் அங்கே அகழாய்வு நடந்தது. இத்தாலியில் செய்யப்பட்ட அரெட்டைன் வகைச் சிவப்புக் கலங்களின் துண்டுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே துல்லியமாக அறியப்பட்டிருந்தது: கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி. அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த உள்நாட்டுப் பானைகளுக்கும் அதனால் ஒரு காலம் கிடைத்தது.

இதில் கர்நாடகத்துக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். 1947இல் வீலர் சித்திரதுர்க்க மாவட்டத்தில் பிரம்மகிரியிலும் சந்திரவள்ளியிலும் அகழாய்வு செய்தார். அங்கேயும் அரிக்கமேட்டில் கண்ட, உட்புறத்தில் உருளைச் சக்கரத்தால் வரிவரியாக அழுத்திய கோலமுடைய கலத்துண்டுகள் கிடைத்தன. அரிக்கமேட்டுச் சில்லை அளவுகோலாக வைத்துச் சித்திரதுர்க்கத்து மண்ணடுக்குக்குக் காலம் கணித்தார்கள். புதுச்சேரிக் கடற்கரையின் ஓடு கர்நாடக மேட்டுநிலத்துக்கு ஆண்டு சொன்னது! பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் அரிக்கமேட்டில் மீண்டும் அகழாய்வு நடந்தது. அந்த ஊரின் வாழ்வு ரோமானிய வணிகத்துக்கும் முன்பே தொடங்கிவிட்டது என்ற திருத்தம் அதனால் வந்தது. அளவுகோலையே அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்பது இதிலுள்ள பாடம்.

வீலர் செய்த இன்னொரு நற்காரியம், 1944இலேயே தட்சசீலத்தில் மாணவர்களுக்காகக் களப்பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தியது. பிற்காலத்தில் புகழ்பெற்ற பி.பி. லால், பி.கே. தாப்பர் போன்றோர் அங்கே மண்வெட்டி பிடித்துப் பழகியவர்கள். வகுப்பறையில் ஓராண்டு கேட்பதைக் குழிக்குள் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம் என்று அந்தத் தலைமுறை நிரூபித்தது.

முதற் பயிற்சி: உடைந்த விளிம்பிலிருந்து முழுப் பானை

அகழாய்வில் முழுப் பானை கிடைப்பது அரிது. கிடைப்பதெல்லாம் சில்லுகள். ஆயிரக்கணக்கான சில்லுகளில் மாணவன் முதலில் பொறுக்கி எடுப்பது வாய் விளிம்புத் துண்டுகளை. காரணம், ஒரு சாண் நீளமுள்ள விளிம்பு இருந்தால் பானையின் வாய் எவ்வளவு அகலம் என்று கணக்கிட்டுவிடலாம்.

இந்தக் கணக்கை நான் எந்த அருங்காட்சியகத்திலும் கற்கவில்லை; தண்டவாளத்தில் கற்றேன். வளைவுப் பாதையில் தண்டவாளத்தின் உட்பக்கமாக 20 மீட்டர் நீளத்துக்கு நூலை இழுத்துப் பிடிப்போம். நூலின் நடுவிலிருந்து தண்டவாளம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளப்போம். இதற்கு வெர்சைன் என்று பெயர். நூலின் நீளத்தை அதனாலேயே பெருக்கி, வெர்சைனைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் வளைவின் ஆரம் கிடைக்கும். வெர்சைன் 5 சென்டிமீட்டர், அதாவது 0.05 மீட்டர் என்றால், 400ஐ 0.4ஆல் வகுக்க 1000 மீட்டர் ஆரம்.

பானை விளிம்புக்கும் இதே கணக்குத்தான். வளைவு மிகவும் இறுக்கமாக இருப்பதால் கடைசியில் வெர்சைனில் பாதியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பாதை வளைவில் அந்தப் பாதி மிகச் சிறியது என்பதால் நாங்கள் விட்டுவிடுவோம். ஓர் எடுத்துக்காட்டு: விளிம்பின் இரு முனைகளுக்கும் இடையே நேர்தூரம் 10 சென்டிமீட்டர், நடுவில் வளைவின் உயரம் 1 சென்டிமீட்டர். பத்தைப் பத்தால் பெருக்க 100. எட்டால் வகுக்க 12.5. அதோடு அரை கூட்ட 13. ஆக வாயின் ஆரம் 13 சென்டிமீட்டர். விட்டம் 26 சென்டிமீட்டர். நல்ல பெரிய சமையல் பானை. விட்டம் 8 சென்டிமீட்டர் என்று வந்திருந்தால் அது குவளையாக இருக்கும்.

அளப்பதற்கு முன் ஒரு காரியம் உண்டு. விளிம்பைக் கவிழ்த்து மேசைமேல் வைத்து, விளிம்புக்கும் மேசைக்கும் நடுவே வெளிச்சம் புகாதபடி மெல்லச் சாய்த்துச் சரிசெய்ய வேண்டும். எந்தச் சாய்வில் வெளிச்சம் முற்றிலும் மறைகிறதோ, அதுவே பானை முழுதாக இருந்தபோது அந்தத் துண்டு நின்ற நிலை. அந்த நிலையைப் பார்த்துத்தான் பானையின் பக்கம் உள்ளே சரிந்ததா, வெளியே விரிந்ததா என்று படம் வரைவார்கள்.

அருங்காட்சியகங்களில் இதற்கென ஒரே மையத்தில் பல வட்டங்கள் வரைந்த தாளை வைத்திருப்பார்கள். விளிம்பை எந்த வட்டத்தோடு பொருந்துகிறதோ அதன்மேல் வைத்தால் விட்டம் உடனே தெரியும். காம்பஸ் இருந்தால் அந்தத் தாளை வீட்டிலேயே தயாரிக்கலாம்.

அளந்து முடிந்ததும் எண் இடுவது. ஊரின் சுருக்கெழுத்து, ஆண்டு, குழி எண், மண்ணடுக்கு எண் ஆகியவற்றைச் சில்லின் உட்பக்கத்தில் சின்ன எழுத்தில் மையால் எழுதுவார்கள். இது மிகவும் சலிப்பான வேலை. ஆனால் இதைச் செய்யாவிட்டால் மற்ற அனைத்தும் வீண். பார்சல் அலுவலகத்தில் சீட்டில்லாத மூட்டை எங்கிருந்து வந்தது, யாருக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் மூலையில் கிடக்கும் அல்லவா? எண் இல்லாத சில்லும் அதுபோலத்தான். அழகான சிலையாகவே இருந்தாலும், எந்த இடத்தில், எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது தொலைந்துவிட்டால் அது பாதி ஊமை.

இரண்டாம் பயிற்சி: கல்லைப் படித்தல்

பெங்களூருவில் கஸ்தூர்பா சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகம் 1865இல் தோன்றியது. நாட்டின் பழைய அருங்காட்சியகங்களுள் ஒன்று. அதன் சேகரிப்பில் நம்மவர் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய கல் ஒன்று இருக்கிறது. ஆதகூர்க் கல்வெட்டு என்பது அதன் பெயர். மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து வந்தது. கன்னட எழுத்து, கன்னட மொழி. மேற்பகுதியில் ஒரு நாயும் காட்டுப்பன்றியும் மோதும் காட்சி செதுக்கப்பட்டிருக்கும்.

காளி என்ற வேட்டை நாய்க்காக எழுப்பிய கல் அது. கங்க மன்னன் இரண்டாம் பூதுகனுக்கு மணலேரன் என்ற வீரன் துணைநின்றான். என்ன வேண்டும் என்று மன்னன் கேட்க, அவன் ஊரையும் பொன்னையும் கேட்காமல் காளியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த நாய் பெரிய காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் மாண்டன. அதற்காகக் கல் நட்டு, வழிபாட்டுக்கு நிலமும் விட்டார்கள். நாய்க்குக் கல் எடுத்த வழக்கம் தமிழகத்திலும் இருந்தது. செங்கம் பக்கம் எடுத்தனூரில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், எசமானன் விழுந்தபின்னும் கள்வரைக் கடித்துக் காவல்நின்ற கோவிவன் என்ற நாயின் பெயர் இருக்கிறது.

ஆதகூர்க் கல் நாயின் கதையோடு நிற்கவில்லை. தக்கோலப் போரையும் சொல்கிறது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்காகப் பூதுகன் போரிட்டு, முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தனைக் கொன்றான் என்கிறது. தக்கோலம் எங்கே இருக்கிறது என்று என்னைப் போன்ற இரயில்வேக்காரரைக் கேட்டால், அரக்கோணம் – செங்கல்பட்டுப் பாதையில் ஒரு நிலையம் என்போம். அங்கே நடந்த போரின் சாட்சி இங்கே பெங்களூருவில் நிற்கிறது.

இராசாதித்தன் மாண்ட விதத்தைச் சொல்லும் வரியை முதலில் படித்த அறிஞர், பூதுகன் வஞ்சகமாகக் கொன்றான் என்று பொருள் கொண்டார். பின்னர் எழுத்துகளை மறுபடி கூர்ந்து பார்த்ததில், யானைமேல் இருந்த அம்பாரியே போர்க்களமாக என்ற பொருள் புலப்பட்டது. சோழர் தரப்பில் ஆனைமங்கலச் செப்பேடுகளும் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டதைச் சொல்கின்றன. பகைவர் இருவரும் ஒரே செய்தியைச் சொன்னால் அது நம்பத்தக்கது. ஓரிரு எழுத்துகளைப் பிழையாகப் படித்ததால் ஒரு மனிதன் பல ஆண்டுகள் வஞ்சகன் என்ற பெயரைச் சுமந்தான் என்பதை மாணவர்கள் மறக்கக்கூடாது.

இனி ஆண்டுக் கணக்கு. கல்லில் சக ஆண்டு 872, சௌமிய ஆண்டு என்று இருக்கிறது. சக ஆண்டோடு 78 கூட்டினால் கிறித்துவ ஆண்டு வரும் என்பது பொது விதி. 872 உடன் 78 கூட்ட 950. ஆனால் சக ஆண்டை முடிந்த ஆண்டாகவும் எழுதுவர், நடப்பு ஆண்டாகவும் எழுதுவர். ஓராண்டு வித்தியாசம் வரலாம். எது சரி என்று பார்க்கச் சௌமிய என்ற பெயர் உதவுகிறது. நம் காலத்தில் 1969–70 சௌமிய ஆண்டு. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அது திரும்பும். பதினேழு அறுபது 1020. 1969இல் 1020 போக 949. ஆக அது 949–950ஆம் ஆண்டு என்று உறுதியாகிறது. வீட்டிலுள்ள பஞ்சாங்கத்தையும் கூட்டல் கழித்தலையும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் இதைத் தாங்களே சரிபார்க்கலாம்.

தமிழ்க் கல்வெட்டைப் படிக்கச் சில குறிப்புகள்

பிள்ளைகள் தமிழ்க் கல்வெட்டைப் பார்த்தவுடன் "இது தமிழே இல்லை" என்பார்கள். நான்கு செய்திகளைத் தெரிந்துகொண்டால் மருட்சி குறையும்.

1. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. கல்வெட்டு என்ற சொல் "கலவெடடு" என்று நிற்கும். படிப்பவரே புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

2. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இராது. குறிலா நெடிலா என்பதை இடம் நோக்கி அறிய வேண்டும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும்.

3. சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. நீண்ட சரக்கு வண்டிபோல எழுத்துகள் தொடர்ந்து போகும். எங்கே இணைப்பு, எங்கே பிரிப்பு என்று நாம்தான் காண வேண்டும்.

4. வடசொற்கள் கிரந்த எழுத்தில் வரும். முதலில் வரும் "ஸ்வஸ்தி ஸ்ரீ" என்பது மங்கலச் சொல். அதைக் கண்டுபிடித்தால் தொடக்கம் கிடைத்துவிட்டது.

பிறகு அமைப்பு ஏறத்தாழ ஒன்றே: அரசன் பெயர், ஆட்சி ஆண்டு அல்லது சக ஆண்டு, நாடும் ஊரும், கொடுத்தவர், கொடுத்த பொருள், நிலமாயின் நான்கெல்லை, கடைசியில் இந்த அறத்தை அழிப்பவர் அடையும் பாவம். இன்றைய பத்திரப்பதிவு ஆவணத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. சாபம் ஒன்றுதான் இப்போது விட்டுப்போயிற்று!

மூன்றாம் பயிற்சி: படியெடுத்தல்

கல்லைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே படி எடுக்கிறார்கள். முதலில் கல்லைத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு சுத்தம் செய்வார்கள். நனைத்த கெட்டித் தாளை அதன்மேல் விரித்து, மயிர்க்கட்டை போன்ற தூரிகையால் தட்டித் தட்டி, தாளை எழுத்துக் குழிகளுக்குள் இறக்குவார்கள். தாள் காயும் தறுவாயில், மை தோய்ந்த துணிப்பந்தால் மேலே ஒற்றுவார்கள். மேடான இடம் கறுக்கும். குழிந்த எழுத்து வெள்ளையாக நிற்கும். இதுவே மைப்படி. தாள் அதிகம் நனைந்திருந்தால் மை பரவிவிடும். அதிகம் காய்ந்துவிட்டால் குழியில் இறங்காமல் கிழியும். பதம் கைக்குத்தான் தெரியும். புத்தகம் சொல்லித் தராது.

இதை அனுமதி பெற்று, தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டும். பிள்ளைகள் தாமே செய்யக்கூடிய, கல்லுக்குத் தீங்கில்லாத முறை ஒன்று உண்டு. மாலை மங்கிய பின், டார்ச் விளக்கைக் கல்லின் முகத்துக்கு நேராகப் பிடிக்காமல், பக்கவாட்டில் கல்லை ஒட்டினாற்போலப் பிடியுங்கள். தேய்ந்த எழுத்துகளின் ஓரத்தில் நிழல் விழுந்து வடிவம் எழும். விளக்கை இடப்பக்கமும் வலப்பக்கமும் மேலும் கீழுமாக மாற்றி, அளவுகோல் ஒன்றை ஓரத்தில் வைத்து நான்கு புகைப்படம் எடுத்தால் போதும். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை வைத்து இதைச் செய்து பார்த்தேன். பகலில் "ஒன்றுமே இல்லை தாத்தா" என்றவர்கள், விளக்கு பக்கவாட்டில் போனதும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு எழுத்தைத் தேடினார்கள்.

இப்போது இதைவிட நுட்பமான வழியும் வந்துவிட்டது. பெங்களூரு நிருபதுங்க சாலையில் 1909 முதல் இயங்கும் மிதிக் சொசைட்டி, 2021இல் பெங்களூருப் பகுதிக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேனர் கொண்டு பதிவு செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. ஒளியைப் பாய்ச்சி, கல்லின் மேடுபள்ளத்தை மில்லிமீட்டருக்கும் குறைவான நுட்பத்தில் அளந்து, கணினியில் கல்லையே மறுபடி எழுப்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்துபோன எழுத்துகள்கூட அதில் எழுந்து வருகின்றன. கல்லைத் தொடவே வேண்டியதில்லை.

நம் ஊர்க் கற்கள்

பெங்களூருவின் கல்வெட்டுகளை முதலில் முறையாகத் தொகுத்தவர் பி.எல். ரைஸ். 1837இல் இதே ஊரில் பிறந்த ஆங்கிலேயர். அவர் வெளியிட்ட கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதிகளில் ஒன்பதாவது, பெங்களூரு மாவட்டத்துக்கானது, 1905இல் வந்தது. அதில் கன்னடக் கல்வெட்டுகளும் உண்டு, தமிழ்க் கல்வெட்டுகளும் உண்டு. அந்நூலில் பதிவான கற்களில் பல இன்று இருந்த இடத்தில் இல்லை. சாலை, சாக்கடை, அடுக்குமாடி ஆகியவற்றின் அடியில் போனவை எத்தனையோ!

எஞ்சியவற்றில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஹெப்பாளில் சாக்கடை வேலையின்போது மீண்டும் வெளிப்பட்ட கித்தய்யன் கல், கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தது, சுமார் கி.பி. 750. பேகூரில் உள்ள சுமார் 890ஆம் ஆண்டுக் கல், "பெங்களூரு" என்ற பெயரையே சொல்கிறது. இவை இரண்டும் கன்னடம். தொம்ளூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரின் அக்காலப் பெயர் தொம்பலூர். தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் பெயர். இலைப்பாக்க நாட்டைச் சேர்ந்தது. மடிவாளா சோமேசுவரர் கோயில் வெளிச்சுவரில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலக்கொடையைச் சொல்கிறது. வேப்பூர் என்று அதில் வருவது இன்றைய பேகூர்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. தமிழ்க் கல்வெட்டைப் பார்த்ததும் "இந்த ஊர் எங்களுடையது" என்று சிலர் மார்தட்டுவதையும், கன்னடக் கல்லைக் காட்டி வேறு சிலர் மறுப்பதையும் நான் கேட்டிருக்கிறேன். இரண்டுமே கல்லைப் படிக்காதவர் பேச்சு. ஏரிக்குக் கீழ் நிலம் வாங்கியவனும் விற்றவனும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். கங்கர், சோழர், போசளர் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. எழுதும் மொழியும் மாறியது. ஏரியில் தண்ணீர் பாய்ச்சியவன் அதே ஆள். கல்வெட்டு படிப்பதற்கு, எறிவதற்கு அல்ல.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. பள்ளியில் கன்னடம் கற்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். இரண்டு எழுத்தும் தெரிந்த பிள்ளை பெங்களூருவின் பெரும்பாலான கற்களின் முன்னே தைரியமாக நிற்கலாம். சென்னையிலுள்ள பிள்ளைக்கும் தார்வாடிலுள்ள பிள்ளைக்கும் எளிதில் கிட்டாத வசதி இது. ஆனால் வீட்டில் தமிழ் பேசவும் வைத்துவிட்டு எழுத்தை மட்டும் கற்றுத் தராமல் விட்டால், பாலம் நடுவில் ஒரு கண் இல்லாமல் நிற்கும். வண்டி போகாது.

இரயில் பாதையும் பழம்பொருளும்

எங்கள் துறையின் வரலாற்றில் ஒரு கறை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலாகூர் – முல்தான் பாதை போட்டபோது, அரப்பா மேட்டிலிருந்த சுட்ட செங்கற்களை வாரிச் சரளைக்குப் பதிலாகக் கொட்டினார்கள். சுமார் நூறு மைல் பாதைக்கு அந்தச் செங்கல் போயிற்று என்று கன்னிங்காம் எழுதியிருக்கிறார். நாலாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட நகரம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1921இல் அங்கே அகழாய்வு தொடங்கியபோது மேடு ஏற்கெனவே சிதைந்திருந்தது.

அதற்கு எதிரான காட்சியை நம் பக்கத்திலேயே பார்த்தோம். பெங்களூரு – மைசூரு இரட்டைப் பாதை வேலைக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் ஆயுதக் கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது. ஏறத்தாழ ஆயிரம் டன் எடை. அதை இடிக்கவில்லை. 2017இல் அடியில் இரும்பு உத்திரங்களைச் செருகி, ஜாக்கிகளால் தூக்கி, அப்படியே முழுதாக நகர்த்திப் புதிய இடத்தில் வைத்தார்கள். பாதையும் வந்தது, கட்டடமும் பிழைத்தது. அரப்பாவில் இல்லாதிருந்தது இயந்திரம் மட்டுமன்று. இது என்ன என்று கேட்கப் பழகிய மனிதன் ஒருவன் அங்கே அப்போது இல்லை. நம் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பொறியாளராகவோ கணினித் துறையிலோ போகப்போகிறவர்கள். போகட்டும். நாளை ஒரு சாலைக்கோ மெட்ரோவுக்கோ குழி தோண்டும்போது, மண்வெட்டியில் எழுத்துள்ள கல் தட்டுப்பட்டால் "நிறுத்துங்கள்" என்று சொல்லக்கூடிய பொறியாளராக இருக்கட்டும். இந்தப் பயிற்சியின் பெரிய பயன் அதுவே.

செய்யத் தகாதவை

கல்வெட்டின்மேல் சுண்ணக்கட்டி, மஞ்சள், எண்ணெய், பெயின்ட் தடவக் கூடாது. சாவியால் சுரண்டக் கூடாது. கோயில் திருப்பணியில் மணலை வீசித் துடைக்கும் முறையைக் கண்டால், எழுத்துள்ள சுவரைக் காட்டிப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். அனுமதியின்றி எங்கும் தோண்டக் கூடாது. எது கிடைத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. இருந்த இடத்திலேயே படம் எடுத்து, தொல்லியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள்.

மேலே படிக்க விரும்புவோருக்கு

தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை, பட்டம் பெற்றவர்களுக்குக் கல்வெட்டிலும் தொல்லியலிலும் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. பள்ளி நிலையிலும் முயற்சிகள் உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்து மாணவர்கள் கல்வெட்டுப் படிக்கப் பயின்று, தம் ஊர்ப் பக்கத்துப் பழம்பொருள்களைத் தாமே தேடிப் பதிவு செய்திருக்கிறார்கள். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். "ஆதன்" என்று ஒரு சாதாரண மனிதன் தன் பானையில் கீறிய பெயரைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தின் நடுகற்கள் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. கஸ்தூர்பா சாலைக்குப் போகுமுன் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

வீட்டுப் பாடம்

1. உடைந்த பூந்தொட்டி விளிம்பு ஒன்றை எடுத்து, மேலே சொன்ன கணக்கின்படி விட்டம் காண்க. முழுத் தொட்டி ஒன்றில் செய்து, நேரில் அளந்து ஒப்பிட்டால் பிழை எவ்வளவு என்று தெரியும்.

2. "பெஙகளூரத தமிழச சஙகம" என்பதற்குப் புள்ளியிட்டு எழுதுக. பிறகு உங்கள் வீட்டு முகவரியை இடைவெளியும் புள்ளியும் இல்லாமல் எழுதி, தம்பி தங்கையைப் படிக்கச் சொல்க.

3. சக ஆண்டு 1169 எந்தக் கிறித்துவ ஆண்டு? அந்த ஆண்டில் எந்தக் கோயில் சுவரில் நம் எழுத்து ஏறியது?

4. தாத்தா பாட்டியிடம் உள்ள பழைய பாத்திரம் ஒன்றை அளந்து, படம் வரைந்து, எங்கே, யார், எப்போது வாங்கியது என்று கேட்டு ஒரு பக்கம் எழுதுக. பெயர் பொறித்த பாத்திரமாயின் அந்த எழுத்தை அப்படியே படியெடுக்கவும்.

நான்காவது பாடத்தைப் பெற்றோர்கள் தள்ளிப்போட வேண்டாம். கல் இன்னும் சில நூறு ஆண்டு நிற்கும். பாத்திரத்தின் கதை தெரிந்தவர்கள் அவ்வளவு நாள் இருக்க மாட்டார்கள்.

விடைகளையும் படங்களையும் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்த இதழுக்குள் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.